ரபி இல்லாத ஊரில் ஜெபமும் பாடமும்: சின்ன யூத சமூகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன டைல்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். சிலர் மட்டும் வேறு ஒன்று கேட்பார்கள்: தெருவுக்கு நாலு வீடு என்று இருந்த மக்கள், பெரிய மத மடமோ குருகுலமோ இல்லாமல், இத்தனை நூற்றாண்டு தங்கள் வழிபாட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் எப்படி நடத்தினார்கள்? அந்த வகைக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கொச்சியிலிருந்தும், மராத்தி பேசும் பெனே இஸ்ரயேல் யூதர்கள் வாழ்ந்த கொங்கண் கரையிலிருந்தும் வருகின்றன.

யூத வழிபாட்டை நடத்த ரபி கட்டாயம் வேண்டாமா?

வேண்டாம். இது நம் ஆட்கள் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கோயிலுக்கு அர்ச்சகர், சர்ச்சுக்குப் பாதிரியார் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ரபியும் அப்படி ஒருவர் என்றே தோன்றும். பலி செலுத்தும் ஆசாரியர்களின் வேலை, எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்டதோடு நின்றுபோயிற்று. ரபி என்பவர் சமயச் சட்டம் படித்தவர். சந்தேகம் கேட்டால் தீர்ப்புச் சொல்கிறவர். ஜெபத்தை முன்னின்று நடத்த, பதின்மூன்று வயது நிரம்பிய, எபிரேயம் தடையில்லாமல் வாசிக்கத் தெரிந்த எந்த ஆணும் போதும். அப்படி நடத்துகிறவரை ஹஸான் என்பார்கள்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் ஒரு பழமொழி உண்டு: ஒன்பது ரபிகள் கூடினாலும் சபை ஆகாது, பத்து செருப்புத் தைக்கிறவர்கள் கூடினால் ஆகும். கொச்சி யூதர்கள் அந்தப் பழமொழிப்படியே வாழ்ந்தவர்கள். பட்டம் பெற்ற ரபிகள் அவர்களிடையே உருவாகவில்லை. மூப்பர்களும் ஹஸானுமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். உள்ளூரில் தீராத சட்டச் சிக்கல் வந்தால் வெளிநாட்டு அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். பதில் கப்பலில் வரும்வரை காத்திருந்தார்கள்.

அதென்ன பத்துப் பேர் கணக்கு?

பொது ஜெபத்துக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை அது. மின்யான் என்று பெயர். எண்ணாகமம் 14ஆம் அதிகாரத்தில், கானான் தேசத்தை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் கெட்ட சேதியோடு திரும்பிய பத்துப் பேரைக் கடவுள் 'சபை' என்று குறிப்பிடுகிறார். பத்துப் பேர் சேர்ந்தால் சபை என்ற விதியை, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தின் அறிஞர்கள் அங்கிருந்து எடுத்தார்கள். முணுமுணுத்து மக்களைக் கெடுத்த பத்துப் பேரை வைத்தா ஜெபத்துக்கு அளவு வகுத்தார்கள் என்று கேட்டால், ஆம், அப்படித்தான். நல்லவர்கள் பத்துப் பேர் வேண்டும் என்று விதி போட்டிருந்தால் உலகத்தில் பாதி ஜெப ஆலயங்கள் திறந்தே இருக்காது.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணவும் மாட்டார்கள். தாவீது ராஜா குடிக்கணக்கு எடுத்ததால் கொள்ளைநோய் வந்த கதை சாமுவேல் புத்தகத்தில் இருக்கிறது. தலையை எண்ணினால் ஆகாது என்ற அச்சம் அதிலிருந்து. அதனால் சங்கீதம் 28இன் கடைசி வசனத்தைச் சொல்லி, வார்த்தைக்கு ஓர் ஆளாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். 'உமது ஜனத்தை இரட்சியும்' என்று தொடங்கும் அந்த வசனத்தில் எபிரேயத்தில் சரியாகப் பத்து வார்த்தைகள். வசனம் முடிந்தால் ஜெபம் தொடங்கலாம்.

பத்துப் பேர் சேராவிட்டால் அன்றைக்கு வழிபாடே இல்லையா?

உண்டு, ஆனால் பாதி. 'இஸ்ரவேலே, கேள்' என்று தொடங்கும் ஷெமாவைத் தனியாளும் சொல்லலாம். நின்றுகொண்டு மெதுவாகச் சொல்லும் அமிதா ஜெபம், சங்கீதங்கள், வெள்ளி மாலை விளக்கேற்றல், திராட்சை ரசத்தின் மேல் சொல்லும் கிதுஷ், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கும் பஸ்கா பண்டிகையின் இரவு விருந்து, இவை எதற்கும் பத்துப் பேர் வேண்டியதில்லை. யூத சமயத்தில் பெரும்பங்கு வீட்டுக்குள் நடக்கிறது. சின்ன சமூகங்கள் பிழைத்துக்கிடந்ததற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

பத்து இல்லாவிட்டால் நின்றுபோவது எது? மோசேயின் ஐந்து புத்தகங்கள் அடங்கிய தோராச் சுருளை, அதை வைக்கும் பேழையிலிருந்து எடுத்து ஆசீர்வாதங்களோடு வாசிப்பது. அமிதாவை ஹஸான் உரக்க மறுபடி சொல்வது. எல்லாவற்றையும்விட வலிப்பது காதிஷ். பெற்றோரில் ஒருவர் இறந்தால் மகன் பதினொரு மாதம் தினமும் சொல்ல வேண்டிய ஜெபம் அது, அதற்கு 'ஆமென்' சொல்லச் சபையில் பத்துப் பேர் இருக்கவேண்டும். ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அப்பாவுக்காக அதைச் சொல்ல முடியாது. சின்ன ஊர்களில் பத்தாவது ஆளைத் தேடித் தெருவில் ஓடுவது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய துக்கத்துக்காகத்தான்.

சட்டம் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். ஒன்பது ஆண்களோடு, கையில் வேதப் புத்தகம் ஏந்திய சிறுவனைப் பத்தாவதாக வைத்துக்கொள்ளலாமா என்று இடைக்காலத்திலேயே வாதம் நடந்திருக்கிறது. நெருக்கடியில் வேறு வழியே இல்லாதபோது சரி என்று சிலர், கூடவே கூடாது என்று சிலர்.

அப்போது பெண்கள் கணக்கில் இல்லையா?

மரபுவழிச் சபைகளில் இல்லை. சீர்திருத்தச் சபைகள் ஆண், பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. மரபுக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவில் நிற்கும் அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவு 1973இல் பெண்களையும் சேர்த்து எண்ணலாம் என்று முடிவெடுத்தது.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. டெல்லியில் 1956இல் எழுந்த ஜூடா ஹயாம் ஜெப ஆலயம். உள்ளூர் யூதக் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தூதரகக்காரர்கள், பயணிகள் என்று வெள்ளிக்கிழமை தோறும் முகங்கள் மாறும். பல்லாண்டுகளாக ஜெபத்தை நடத்திவந்த எசக்கியேல் ஐசக் மாலேகர் தொழிலால் வழக்கறிஞர், சம்பளம் வாங்காதவர். அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருவார்கள். பத்துப் பேரை எண்ணும்போது பெண்களையும் சேர்த்தே எண்ணுவது அவர் கொண்டுவந்த வழக்கம். பெரிய ஊரில் இதைச் செய்திருந்தால் சபை இரண்டாக உடைந்திருக்கும். சின்ன சமூகத்தில் தேவை வந்து நின்றதும் வாதம் தானாக ஓய்ந்துவிடுகிறது.

கொச்சியில் எண்ணிக்கையில் பெண்கள் சேரவில்லை. ஆனாலும் கேரள ஜெப ஆலயங்களின் கட்டட அமைப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. வாசிப்பு மேடை உலகமெங்கும் ஒன்றுதான், இங்கே இரண்டு. கீழே நடுமண்டபத்தில் ஒன்று, மாடியில் பெண்கள் பகுதிக்கு நேர் முன்னால் இன்னொன்று. சனிக்கிழமை ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோரா வாசிப்பு மாடி மேடையில் நடக்கும். தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேதம் ஒலிக்கும். வேறெங்கும் இப்படிக் கட்டவில்லை.

ஒரு சபையை நடத்தக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

முதலில் ஒரு தோராச் சுருள். பதப்படுத்திய தோலில் மைதொட்டு எழுதியது, மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்து அழிந்தாலும் திருத்தும்வரை பொதுவில் வாசிக்கக் கூடாது. ஒரு சுருள் எழுதி முடிக்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதனால் அது சபையின் மிகப் பெரிய சொத்து. அடுத்து, ஜெபப் புத்தகங்கள். பிறகு, சரியான காலண்டர். யூத மாதம் சந்திரனோடு ஓடும், ஆண்டு சூரியனோடு ஒட்டிப் போக வேண்டும். அதற்காகப் பத்தொன்பது ஆண்டில் ஏழு முறை அதிக மாதம் சேர்ப்பார்கள். இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் பஸ்கா எந்த நாளில் என்றே தெரியாமல் போகும்.

இவற்றோடு முறைப்படி ஆடு கோழி அறுக்கத் தெரிந்த ஷோஹெத், ஆண் குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யும் மோஹெல், பெண்கள் தீட்டுக் கழிக்க முழுகும் நீர்த்தொட்டி, இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் குழு, கல்லறை நிலம். பணம் கொஞ்சமாக இருந்தால் ஜெப ஆலயத்துக்கு முன்பே கல்லறை நிலத்தைத்தான் பல ஊர்களில் வாங்கியிருக்கிறார்கள். ஜெபத்தை யார் வீட்டுத் திண்ணையிலும் நடத்தலாம்.

இத்தனை வேலைக்குத் தனித்தனி ஆள் எங்கே போவது? ஆகவே ஒரே மனிதர் காலையில் ஹஸான், நடுப்பகலில் கோழி அறுக்கிறவர், மாலையில் பிள்ளைகளுக்கு வாத்தியார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஊரில் கறியும் இல்லை, பாடமும் இல்லை. சின்ன சமூகத்தின் உண்மையான பலவீனம் எண்ணிக்கையைவிட இங்கேதான் இருக்கிறது: எல்லாப் பொறுப்பும் ஒருவர் தோளில் ஏறி, அவருக்குப் பின் யார் என்று யாரும் யோசிக்காமல் இருந்துவிடுவது.

முடிவுகளை எடுப்பது யார்? பணம் எங்கிருந்து வரும்?

கொச்சி யூதர்களிடம் ஒவ்வொரு ஜெப ஆலயத்துக்கும் ஒரு யோகம் இருந்தது. சபையாரின் கூட்டம் என்று பொருள். யோகம் கூடி முடிவெடுக்கும், மூப்பர்கள் நடத்துவார்கள். அரசரோடு பேச, சமூகத்துக்குத் தலைவராக ஒருவரைக் கொச்சி ராஜா நியமிப்பார். அவருக்கு வழங்கிய பட்டம் 'முதலியார்'. நமக்குப் பழக்கமான பெயர், யூதர் தலையில் உட்கார்ந்திருக்கிறது!

பணத்துக்கு நன்கொடை, சந்தா தவிர ஒரு பழைய வழி உண்டு. பேழையைத் திறப்பது, சுருளைத் தூக்குவது, வாசிக்க அழைக்கப்படுவது ஆகிய கௌரவங்களைப் பல சபைகளில் ஏலம் விடுவார்கள். ஓய்வுநாளில் பணத்தைத் தொடக் கூடாது, ஆகவே வாயால் ஏலம் கேட்டு, வார நாளில் கொண்டுவந்து கட்டுவார்கள்.

பிள்ளைகளுக்குப் பாடம் யார் சொன்னது?

தல்மூத்திலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. ஊருக்கு ஊர் வாத்தியார் வைக்க வேண்டும், ஆறேழு வயதில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டை யோசுவா பென் கம்லா என்ற தலைமை ஆசாரியர் கொண்டுவந்தார் என்கிறது அது. ஒரு வாத்தியாருக்கு இருபத்தைந்து பிள்ளைகள். நாற்பது சேர்ந்துவிட்டால் ஓர் உதவியாளர். ஐம்பது ஆனால் இரண்டு வாத்தியார். நம் அரசுப் பள்ளிகளுக்கு இந்த விகிதத்தைச் சொன்னால் ஆசிரியர்கள் கைதட்டுவார்கள்.

சின்ன ஊரில் ஐந்தாறு பிள்ளைகள்தான் இருக்கும், வயது ஆறிலிருந்து பதின்மூன்று வரை. எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். பாடத்திட்டம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல. வாரத்துக்கு ஒரு பகுதியாகத் தோராவை ஐம்பத்து நான்கு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஓராண்டில் முடிந்துவிடும். அந்த வாரப் பகுதியை ராகத்தோடு வாசிக்கப் பழக்குவதே பாடம். சுருளில் உயிர்க்குறியும் இருக்காது, ராகக்குறியும் இருக்காது; மனப்பாடம் இல்லாமல் நடக்காது. பதின்மூன்றாம் வயதில் பையன் மேடையேறி வாசிக்கும் நாள்தான் தேர்வு, சபை முழுவதும் தேர்வாளர்கள். தவறாக வாசித்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார்கள்.

கொச்சியில் பையன்களோடு பெண்பிள்ளைகளும் எபிரேயம் வாசிக்கப் பழகினார்கள். அதோடு பெண்களிடம் இன்னொரு பள்ளிக்கூடமே இருந்தது: மலையாளப் பாட்டு. வேதக் கதைகள், கல்யாணம், பிள்ளைப்பேறு, ஒவ்வொரு ஜெப ஆலயமும் எழும்பிய வரலாறு என்று எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. நோட்டுப் புத்தகங்களில் எழுதி, அம்மா மகளுக்கும் பாட்டி பேத்திக்குமாகக் கைமாற்றிவந்தார்கள். பெண்குரலை ஆண்கள் கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு பல ஊர்களில் கடுமையாக இருந்தது. இங்கே கல்யாண வீட்டில் ஆண்கள் நடுவிலேயே பெண்கள் பாடினார்கள். எபிரேயம் சரியாக வராத குழந்தைக்கும் ஆபிரகாம் கதையும் யோசேப்பு கதையும் தெரிந்திருந்தது என்றால் அது இந்த நோட்டுகளால்.

புத்தகங்கள் எப்படிக் கிடைத்தன?

கடல்வழியாக. 1686இல் மோசே பெரெய்ரா டி பைவா என்ற ஆம்ஸ்டர்டாம் யூத வணிகர் கொச்சிக்கு வந்து, சமூகத்தின் நிலையை விவரமாக எழுதினார். அதன்பின் ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் வேதப் புத்தகங்களும் ஜெபப் புத்தகங்களும் அனுப்பிவைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் கொச்சி வழக்கப்படியான ஜெபங்களே ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின. மிளகு போன கப்பல் பாதையில் புத்தகம் வந்தது.

எல்லாவற்றையும் மறந்துவிட்ட சமூகம் மறுபடி கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும் என்பதற்குக் கொங்கண் கரையின் பெனே இஸ்ரயேல் மக்களே சாட்சி. இதுதான் எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகப் பிடித்த பகுதி.

ராய்கட் பக்கத்துக் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள் அவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள். அதனால் ஊரார் 'ஷனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர் என்று கூப்பிட்டார்கள். சுருள் இல்லை, ஜெப ஆலயம் இல்லை, எபிரேயம் இல்லை. எஞ்சியிருந்தவை நாலைந்து: ஓய்வுநாள், விருத்தசேதனம், ஷெமாவின் முதல் வரி, செதிளும் துடுப்பும் உள்ள மீனை மட்டுமே உண்ணும் வழக்கம், மராத்திப் பெயரில் சில பண்டிகைகள். மன்னிப்பு நாளுக்குக் கதவடைப்புப் பண்டிகை என்று பெயர். பஸ்காவுக்குக் காடிச் சாடியை மூடிவைக்கும் பண்டிகை என்று பெயர். எதற்காக மூடுகிறோம் என்பது மறந்து, மூடுவது மட்டும் நினைவிருந்தது.

தாவீது ரஹாபி என்ற பெயருடைய ஒருவர் வந்து இவர்களைச் சோதித்தார் என்று அவர்கள் மரபு சொல்கிறது. பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். செதிளில்லாத மீனை அவர்கள் தனியே ஒதுக்கி வைத்ததும், இவர்கள் யூதர்கள்தான் என்று உறுதி செய்தாராம். பிறகு மூன்று குடும்பங்களிலிருந்து ஆள் எடுத்து, சடங்குகளை நடத்தவும் வழக்குத் தீர்க்கவும் பழக்கினார். அவர்களைக் காஜி என்றார்கள். ஊர் ஊராகச் சுற்றிக் கல்யாணம், விருத்தசேதனம் நடத்தித்தருவது அவர்கள் வேலை. ஒவ்வொரு கிராமத்துக்கும் குரு வைக்க வசதியில்லாதபோது, மூன்று பேரைச் சுற்ற விடுவது எவ்வளவு புத்தியான ஏற்பாடு!

1796இல் மும்பையில் முதல் ஜெப ஆலயம் எழுந்தது, ஷாரே ரஹமிம். கட்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர், பிரிட்டிஷ் படையில் இருந்தவர். திப்பு சுல்தானிடம் கைதியாகி உயிர் தப்பியதற்கு நேர்த்திக்கடனாகக் கட்டினார் என்பார்கள். கட்டடம் ஆயிற்று, நடத்த ஆள்? கொச்சியிலிருந்து வந்தார்கள். ஷெலோமோ சாலெம் ஷுர்ராபி என்ற கொச்சி யூதர் 1830களில் மும்பைக்கு வந்து, ஹஸானாகவும் ஆசிரியராகவும் இருந்து ஒரு தலைமுறையையே பழக்கினார். ரபியே இல்லாத கொச்சி, தன்னைவிடத் தேவை மிகுந்த இடத்துக்கு ஆசிரியரைக் கொடுத்தது.

இன்னொரு பக்கம் கிறிஸ்தவ மிஷனரிகள். மராத்தியில் பழைய ஏற்பாட்டையும் எபிரேய இலக்கணத்தையும் அவர்கள் அச்சிட்டார்கள், பள்ளி நடத்தினார்கள். நோக்கம் மதமாற்றம். பெனே இஸ்ரயேல் பிள்ளைகள் எபிரேயத்தையும் வேதத்தையும் படித்துக்கொண்டார்கள்; மதம் மாறியவர்கள் மிகக் குறைவு. பிறகு சொந்தமாகவே எழுந்தார்கள். ஜோசப் எசக்கியேல் ராஜ்புர்கர் ஜெபப் புத்தகங்களை மராத்தியில் பெயர்த்தார். ஹாயிம் சாமுவேல் கெஹிம்கர் 1875இல் பள்ளி தொடங்கினார்; பின்னாளில் சர் எல்லி கதூரி பள்ளி என்று பெயர் பெற்றது. 1880களில் மராத்திக் கீர்த்தன மரபைக் கையில் எடுத்து, ஆபிரகாம், மோசே கதைகளைப் பாட்டும் பிரசங்கமுமாக நடத்தினார்கள். நம் ஊர்க் கதாகாலட்சேபமும் அந்த மராத்திக் கீர்த்தனத்துக்குக் கடன்பட்டதுதான் என்பதால் இது நமக்குப் புரியும்.

எபிரேயம் தெரியாமல் தாய்மொழியில் ஜெபிக்கலாமா?

ஷெமா, அமிதா, உணவுக்குப் பின் சொல்லும் நன்றி ஜெபம் ஆகியவற்றை எந்த மொழியிலும் சொல்லலாம் என்று தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா நூலே சொல்கிறது. நடைமுறையில் பொது ஜெபத்தை எபிரேயத்தில் வைத்துக்கொண்டு, புரிய வேண்டிய பகுதிக்குப் பக்கத்திலேயே தாய்மொழி தருவார்கள். பஸ்கா இரவில் வாசிக்கும் ஹகதா நூலுக்கு 1840களிலேயே மராத்திப் பதிப்பு வந்துவிட்டது. அந்த இரவில் பிள்ளை கேள்வி கேட்க வேண்டும், பெரியவர் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் புரியாத மொழியில் அது நடந்து என்ன பயன்?

சின்ன சமூகம் என்றால் ஒற்றுமையாக இருந்திருப்பார்களே?

அப்படி நினைக்கத்தான் ஆசை. பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களைச் சமமாக நடத்தவில்லை. வாசிக்க அழைக்கமாட்டார்கள், இடமும் தனி. நெடுங்காலமாகக் கேரளத்தில் வாழ்ந்த மலபாரி யூதர்களோடு, பின்னால் வெளிநாட்டிலிருந்து வந்த பரதேசிகள் கல்யாண உறவே வைத்துக்கொள்ளவில்லை. சில நூறு பேருக்குள் இத்தனை படி. சுற்றியிருந்த சாதியிலிருந்து கற்றுக்கொண்டது அது, வேதத்தில் இல்லை.

விடுவிக்கப்பட்டோர் வழியில் வந்த ஆபிரகாம் பராக் சாலெம் (1882–1967) சென்னையில் படித்துப் பட்டம் பெற்று வழக்கறிஞரானார். காந்தியின் வழியை எடுத்துக்கொண்டு ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார்; 'யூத காந்தி' என்று பேர் வந்தது. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பின்னாளில் பரதேசி ஆலயத்தில் பத்துப் பேர் சேராமல், எர்ணாகுளத்து மலபாரி யூதர்களை எதிர்பார்க்க வேண்டிய காலம் வந்தது. முன்பு கதவுக்கு வெளியே நிறுத்திய ஆள்தான் பத்தாவது ஆள்.

எல்லோரும் புறப்பட்டுப்போன பின் ஜெப ஆலயங்கள் என்ன ஆயின?

1950களின் நடுவில் மலபாரி யூதர்கள் பெரும்பாலும் மொத்தமாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நேவாதிம் போன்ற விவசாயக் கிராமங்களில் குடியேறினார்கள். அங்கே இன்று கொச்சி மரபுக்கென்று ஒரு ஜெப ஆலயமும் காட்சியகமும் உண்டு. மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புற மர வேலைப்பாடு முழுவதும் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாளா ஜெப ஆலயத்தை 1955இல் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சேந்தமங்கலமும் பறவூரும் கேரள அரசின் கையில் அருங்காட்சியகங்கள்.

சொத்தை விற்பதற்கும் தல்மூத்தில் வரிசை உண்டு. ஜெப ஆலயத்தை விற்றால் பேழை வாங்கலாம், பேழையை விற்றால் சுருளுக்கான துணி, துணியை விற்றால் புத்தகம், புத்தகத்தை விற்றால் தோராச் சுருள். கீழிருந்து மேலே போகலாம், மேலிருந்து கீழே இறங்கக் கூடாது.

பள்ளிகளின் கதை வேறு. கொல்கத்தாவில் 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது. மாணவிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மும்பை கதூரி பள்ளியும் ஏறக்குறைய அப்படியே. வழிபாட்டுக்கு ஆள் வேண்டும் என்றால் யூதராக இருக்க வேண்டும், பாடத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே பள்ளி பிழைத்துக்கொண்டது.

இப்போது இந்தியாவில் புதிதாகத் தொடங்கிய சபைகள் உண்டா?

ஆந்திராவில் குண்டூர் அருகே கொத்தரெட்டிப்பாளையத்தில் தெலுங்கு பேசும் பெனே எப்ராயீம் மக்கள் 1991இல் ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். எபிரேயத்தைத் தாங்களே கற்றுத் தங்களுக்குள் கற்பிக்கிறார்கள். இஸ்ரேலின் ரபிகள் அவர்களை யூதர் என்று இன்னும் ஏற்கவில்லை. மணிப்பூர், மிசோரமின் பினே மெனாஷே மக்களை 2005இல் இஸ்ரேலின் செபார்திய தலைமை ரபி ஏற்றார். முறைப்படி மதமேற்புச் சடங்கு செய்துகொண்டு பலர் அங்கே குடியேறியிருக்கிறார்கள்.

செல்போனில், ஜூமில் கூடினால் பத்துப் பேர் கணக்கு ஆகுமா?

மரபுவழிச் சபைகளில் ஆகாது. ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஓய்வுநாளில் மின்கருவியைத் தொடவே கூடாது என்பது வேறு. கொரோனா காலத்தில், 2020இல், கன்சர்வேடிவ் பிரிவு ரபிகள் நெருக்கடி கருதி இதற்கு இடம் கொடுத்தார்கள். பாடத்துக்கு எந்தத் தடையும் இல்லை. வாரப் பகுதியின் ராகத்தைத் தொலைவிலிருக்கும் ஆசிரியரிடம் திரைவழியே கற்பது, ஆள் குறைந்த ஊர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. ஆகவே படிப்பை இணையத்தில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் நேரில் கூட்டுவதைப் பண்டிகைகளுக்கு ஒதுக்குவது நல்லது என்பது என் எண்ணம்.

சென்னையில் யூதர்கள் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்?

பதினேழாம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வியாபாரம் செய்ய வந்த போர்த்துகீசிய வழி யூதர்கள் அவர்கள். 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன்கள் எனப்பட்ட அதன் உறுப்பினர்களில் மூவர் யூத வணிகர்கள். பவளக்காரத் தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. வைர வியாபாரத்துக்கு வந்தவர்கள் வியாபாரம் நகர்ந்ததும் நகர்ந்தார்கள். கொச்சியைப் போல வீடு, பாட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் என்று ஊன்றவில்லை. சில கல்லறைகள் எஞ்சின.

மட்டாஞ்சேரிக்குப் போனால் வழிபாட்டைப் பார்க்கலாமா?

கட்டடத்தைப் பார்க்கலாம், சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது, வெள்ளிக்கிழமை நேரம் சுருங்கும். உள்ளூர்ப் பரதேசி யூதர்கள் ஏறக்குறைய யாருமே இல்லை. அதனால் ஜெபம் நடப்பதே வெளியூர், வெளிநாட்டு யூதர்கள் வந்து பத்துப் பேர் சேரும் நாட்களில்தான். தோளும் முழங்காலும் மறையும் உடை உடுத்திப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உலகில் மற்ற ஜெப ஆலயங்களில் இந்த வழக்கம் அரிது, கொச்சியில் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து வந்தது. டிக்கெட் விலை சொற்பம், சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.